கைகாட்டி எழுதாத காலை

மைகாவுக்கு இரண்டு நாளாக இருப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள், எழுந்து போய் அடுப்பைத் திறந்து பார்ப்பாள், அடுப்பில் ஒன்றும் இருக்காது, திரும்பி வந்து உட்காருவாள். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. பைன் மரத்து உச்சியில், கட்டில் அகலத்துக்குச் சுள்ளி அடுக்கிய கூட்டில், ரஸ்மா என்ற பெண் கழுகு இறக்கையைப் பரப்பிக் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் பொரித்துப் பதினெட்டே நாளான இரண்டு குஞ்சுகள். அவற்றின் அப்பன் தாலிஸ் இரை தேடிப் போய் இரண்டு நாளாகிறது. இன்னும் திரும்பவில்லை.

"உன் நாற்காலியில ஆணியா முளைச்சிருக்கு?" என்றான் அவள் கணவன் ஆல்வில்ஸ். அப்போதுதான் ஏரியிலிருந்து வந்தவன், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வரை வந்துவிட்டான். "ஒண்ணு ஒக்காரு, இல்ல நில்லு."

"தாலிஸ் இன்னும் வரல."

"வருவான். ஆம்பளைன்னா நாலு இடத்துக்குப் போவான், வருவான்."

"ரெண்டு நாளாவா? இந்த மழையில பொண்டாட்டி பிள்ளைங்கள விட்டுட்டு?"

"நான் மூணு நாள் ஏரியில கெடந்தேனே, அப்ப இப்படித் தவிச்சியா?"

"உனக்கு ரொட்டி கட்டிக் குடுத்தேன்ல. அப்புறம் என்ன தவிப்பு?"

ஆல்வில்ஸ் இரண்டு மீனைத் தொட்டியில் போட்டான். தட்டையான, வெள்ளி மின்னும் ஏரி மீன்கள். பெரியதை நாளைக்குப் புகையில் வாட்டச் சொல்லிவிட்டுத் துணி மாற்றப் போனான். மைகா அந்தப் பெரிய மீனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவளைப் பற்றிச் சொல்வதென்றால் துமுபே ஸ்டேஷனைத் தொடாமல் முடியாது. லத்வியாவின் மேற்குப் பக்கம், லியபாயாவுக்குப் போகிற ஒற்றைத் தண்டவாளத்தில் அது ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே இருபத்தேழு வருஷம் கைகாட்டி ஏற்றி இறக்கினாள். வந்த ரயில், போன ரயில், தாமதம், காரணம் எல்லாவற்றையும் நீல மையில் பதிவேட்டில் எழுதினாள். அந்தப் பதிவேட்டுக்கு இரண்டு சட்டம் உண்டு. காலி வரி விடக்கூடாது. தப்பாக எழுதினால் அழிக்கக்கூடாது, குறுக்கே ஒரு கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, முழுப் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருநாள் நகரத்தில் யாரோ ஒரு பொத்தானை அழுத்தினார்கள். கைகாட்டியெல்லாம் தானாகவே ஏறி இறங்க ஆரம்பித்தது. ஸ்டேஷன் கதவில் பலகை அடித்தார்கள். மைகாவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. வேலை போன பிறகும் அவள் ஐந்தரை மணிக்கே எழுந்தாள். எழுந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. மகள் அயர்லாந்தில் காளான் பண்ணையில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். மற்ற ஆறு நாளும் மைகா வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அந்த நேரத்தில்தான் கழுகுக் கேமரா கிடைத்தது. லைம்தோத்ஸ் என்ற பறவை ஆய்வாளர் எங்கோ ஒரு காட்டில் ஒரு கூட்டின் மேல் கேமராவும் மைக்கும் கட்டி வைத்திருந்தார். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். ஆனால் சும்மா பார்ப்பவர்கள் வேறு, காவலர்கள் வேறு. காவலர்கள் எட்டுப் பேர். ஆளுக்கு மூன்று மணி நேரம் என்று முறை போட்டு, கூட்டில் நடப்பதை எல்லாம் மணி நிமிஷத்தோடு எழுதுவார்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை மைகாவின் முறை. அங்கே அவள் வைத்துக்கொண்ட பெயர் 'கைகாட்டி'. ஆறு வருஷத்தில் ஒரு வரி காலியாக விட்டதில்லை. காய்ச்சலில்கூட எழுதினாள், அன்றைக்குக் கழுகு எத்தனை முறை கொட்டாவி விட்டது என்பது வரை கணக்கு இருந்தது.

அவளுக்கு அடுத்த முறை எவெரிதாவுடையது. தலைநகர் ரீகாவில் டிராலி பஸ் ஓட்டியவள், வாயாடி, நல்லவள். முகம் பார்க்காமலே இரண்டு வருஷம் பழகினார்கள். மூன்றாம் வருஷம் மைகாவின் பெயர்நாளுக்கு அவள் திடுதிப்பென்று வந்து இறங்கினாள். பெயர்நாளுக்கு இங்கே யாரையும் அழைப்பதில்லை. காலண்டரில் இன்னார் பெயர் இன்ன தேதி என்று போட்டிருக்கும், வருகிறவர்கள் தாமாக வருவார்கள், வீட்டுக்காரி மேஜையை நிரப்பி வைத்துக் காத்திருக்க வேண்டும். எவெரிதா வாசலில் நின்று தன் பூச்செண்டை எண்ணிப் பார்த்து அலறினாள். பஸ்ஸில் ஒரு பூ விழுந்து எட்டாகிவிட்டது. இரட்டைப்படைப் பூ கல்லறைக்குத்தான். உடனே வேலியோரம் ஒரு சாமந்தியைப் பறித்துச் செருகி ஒன்பதாக்கினாள். "செத்தவளாக்கப் பாத்தேன்டி உன்னை!" என்று அவள் சிரித்த சிரிப்பில் ஆல்வில்ஸே சிரித்துவிட்டான். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் வந்தாள்.

லைம்தோத்ஸ் காவலர்களுக்கு இரண்டே விதி வைத்திருந்தார். கூடு எங்கே என்று கேட்கக்கூடாது. தெரிந்தாலும் போகக்கூடாது. மாசி முதல் ஆடி வரை அந்த மரத்தைச் சுற்றி மனிதக் கால் படக்கூடாது என்பது அரசாங்கச் சட்டமும்கூட.

மைகாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் தேடவில்லை, அதுதான் வந்து மாட்டியது. போன வருஷ வசந்தத்தில் ஒரு காலை, ஆளில்லாத லெவல் கிராசிங்கில் சரக்கு ரயில் ஊதியது. ஜன்னல் வழியே கேட்டாள். நாற்பது விநாடி கழித்து அதே ஊதல் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. கேமராவில் நடப்பது வீட்டுக்கு வந்து சேர அவ்வளவு நேரம் பிடிக்கும். இருபத்தேழு வருஷம் ரயில் கேட்ட காது அது. எந்த இன்ஜின், எந்த வளைவு என்று சொல்லும். இரண்டு நாள் கழித்து இன்னொன்றும் கேட்டது. ஆல்வில்ஸின் படகு மோட்டார் மூன்று முறை இருமித்தான் உயிர் பிடிக்கும். அந்த மூன்று இருமலும் திரையில் கேட்டன, ரஸ்மா தலையைத் திருப்பிப் பார்த்தது. மைகா வாயைப் பொத்திக்கொண்டாள். கருப்பு ஏரி. வடகரையில் இருக்கும் கிழட்டுப் பைன் மரங்கள். வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணி.

யாரிடமும் சொல்லவில்லை. காளான் முளைக்கும் இடத்தைக் கூடப்பிறந்த தங்கைக்கும் சொல்லாத ஊர் இது, அந்த மாதிரிப் பூட்டி வைத்தாள். ஆனால் பூட்டி வைத்தது உள்ளே சும்மா இருக்கவில்லை. குளிர் விழுந்தால், காற்று அடித்தால், 'இதோ அரை மணி தூரம்தானே' என்று அரித்துக்கொண்டே இருந்தது.

இப்போது தாலிஸும் வரவில்லை. சாயங்காலம் எவெரிதாவுக்குப் போன் போட்டாள்.

"லைம்தோத்ஸ் என்னதான் சொல்றாரு?"

"வேற என்ன? இயற்கைடி. கை வைக்கப்பிடாது. அவ்வளவுதான்."

"சின்னவன் தலையைத் தூக்கவே மாட்டேங்கறான் எவெரிதா."

"பாத்தேன். நான் இன்னிக்குச் சாப்பிடல. திரையை மூடிட்டுப் படு போ. நாம பாத்துட்டு இருந்தா மட்டும் அவன் பிழைச்சிடுவானா?"

மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்கு மைகா பார்த்தபோது பெரியவன் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தான். சின்னவன் கத்தவில்லை. அதுதான் அவளைக் கிளப்பிவிட்டது. தொட்டியிலிருந்த பெரிய மீனைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டாள். மரத்தில் ஏறப் போகிறேனா என்ன, தூரத்தில், ரஸ்மாவின் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டு வந்துவிடுவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யார் வீட்டுக்கும் கையை வீசிக்கொண்டு போகிற வழக்கம் இந்த மக்களுக்குக் கிடையாது. கழுகு வீட்டுக்கும் அவள் வெறுங்கையோடு போகவில்லை.

காட்டு விளிம்பிலேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இங்கே வைத்தால் தெரியாது, இன்னும் கொஞ்சம், அந்த வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டை வரை. திரையில் பார்த்ததைவிடக் கூடு பெரியதாக இருந்தது. ஆறு வருஷம் ஒரு முழத் திரைக்குள் பார்த்ததை அண்ணாந்து பார்த்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மீனை அடிக்கட்டையின் மேல் வைத்தாள். அந்த நொடியில் ஈரப் போர்வையை உதறியது போல ஒரு சத்தம். ரஸ்மா மேலே எழும்பி, கத்திக்கொண்டே வட்டமடித்தது.

"இல்ல இல்ல, நான்தான், நான் போயிடறேன், நீ ஒக்காரு," என்று மைகா வானத்தைப் பார்த்துக் கெஞ்சினாள். ரஸ்மாவுக்குக் கைகாட்டியைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு மனுஷி, அவ்வளவுதான்.

ஓடினாள். பதற்றத்தில் வந்த வழியை விட்டுவிட்டு மரத்துக்கு மறுபக்கம் ஓடி, சேற்று நிலத்தில் முழங்கால் வரை இறங்கினாள். ஒரு பூட்ஸ் உள்ளே போய்விட்டது. அதைப் பிடுங்கி, வேறு பக்கம் போய், மறுபடி மாட்டி, அவள் அந்த மரத்தடியைவிட்டு விலக முக்கால் மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் தலைக்கு மேல் கத்தல் நிற்கவில்லை. மழை நிற்கவில்லை. பிறகு வேறு குரல் கேட்டது. கனத்த, தொண்டை கட்டிய குரல். மீனைத் தேடி இரண்டு அண்டங்காக்கைகள் வந்திருந்தன.

வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது. சேற்றுக் காலோடு திரை முன்னால் நின்றாள். ரஸ்மா கூட்டில் இருந்தது. கூட்டு ஓரத்தில் தாலிஸ் நின்றுகொண்டிருந்தது, நனைந்து, ஒரு கையளவு நீள மீனை நகத்தில் இடுக்கிக்கொண்டு. எட்டு இருபதுக்கே வந்துவிட்டதாம். இன்னும் இரண்டரை மணி நேரம் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். ரஸ்மாவின் அடியில் ஒரே ஒரு சாம்பல் தலைதான் தெரிந்தது.

அவள் பெயருக்கு நேரான வரிகள் காலியாக இருந்தன. அவற்றுக்குக் கீழே ஆறே முக்காலிலிருந்து எவெரிதா எழுதியிருந்தாள். 'கைகாட்டிக்கு உடம்பு சரியில்லை போல, நான் எழுதுகிறேன். 6.48 ரஸ்மா பயந்து எழும்புகிறது. கீழே யாரோ இருக்கிறார்கள். 7.31 அண்டங்காக்கை, இரண்டு. 7.33 சின்னவனை' என்று அந்த வரி பாதியில் நின்றிருந்தது.

போன் அடித்தது. எவெரிதா அழுதுகொண்டிருந்தாள். "எந்தப் பாவிடி அங்க போனான்? எவனுக்குடி மனசு வந்துச்சு?"

"தெரியல," என்றாள் மைகா.

அந்த ஒரு வார்த்தை அவளை நான்கு நாள் வறுத்தெடுத்தது. நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் எழத் தோன்றியது. சோறு தண்ணி இறங்கவில்லை. தினமும் ஆறு மணிக்கு முறைக்கு வந்து மணி நிமிஷத்தோடு எழுதினாள். எல்லாரும் அந்த ஆளைத் திட்டி எழுதியதையும் படித்தாள். அவன் காலை உடைக்க வேண்டும் என்று ஒருவர். கைகாட்டி இருந்திருந்தால் முதலிலேயே கவனித்துச் சொல்லியிருப்பாள் என்று இன்னொருவர். இரண்டாவதுதான் அதிகம் சுட்டது.

ஐந்தாம் நாள் பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் வந்தாள். வனச் சட்ட இன்ஸ்பெக்டர். கூட்டு மரத்துக்குப் பக்கத்து அடிக்கட்டையில் மீன் முள்ளும் நனைந்த செய்தித்தாளும் கிடைத்ததாம். கருப்பு ஏரியில் வலை போட உரிமம் வைத்திருப்பது ஆல்வில்ஸ் ஒருவன்தான். அவன் மோட்டார் சத்தம் கேமராவில் பல நாள் பதிவாகியிருக்கிறது.

"போன செவ்வாய்க்கிழமை காலையில வடகரைப் பக்கம் போனீங்களா?" என்றாள்.

ஆல்வில்ஸ் அவளைப் பார்த்தான். மீன் தொட்டியைப் பார்த்தான். மைகாவைப் பார்க்கவில்லை.

"போனேன்," என்றான். "மீன் கழுவினேன். ஒண்ணை மறந்து வச்சிட்டு வந்திட்டேன்."

"அங்க கழுகுக்கூடு இருக்குன்னு தெரியாதா?"

"எனக்கெங்க தெரியும்? கழுகுன்னா உசுர விடறது என் பொண்டாட்டி. அவளுக்கே தெரியாது. வேணும்னா கேட்டுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் மைகாவைப் பார்த்தாள். மைகா குனிந்து மேஜை விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். அந்தப் பெண் ஏதோ எழுதிக்கொண்டு, விசாரணை முடியும்வரை என்று சொல்லி வலை உரிமத்தை வாங்கிக்கொண்டு போனாள். கார் சத்தம் தேய்ந்தது. மைகாதான் முதலில் கேட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"நீ சொல்லல. யாராவது ஒருத்தர் சொல்லணுமில்ல?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மீன் எங்கன்னு அன்னிக்கே கேட்டேன். பூனை தின்னுடுச்சுன்ன. நம்ம பூனை செத்து ரெண்டு வருஷமாச்சு மைகா."

அவன் வெளியே போய்ப் படகைக் கவிழ்த்துப் போட்டான். வெயில் காலத்தில் படகைக் கவிழ்த்து அவள் பார்த்ததே இல்லை. ஆறு வருஷமாகக் கழுகைச் சொல்லித் தன்னைக் கிண்டல் செய்தவன் ஏரியையே விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறான். தான் ஒரு வார்த்தையைப் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மைகாவுக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது. நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய், காவலர் பதிவில் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்தாள். காலி வரிகள் அப்படியே இருந்தன. நிரப்பினாள்.

'5.50 வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். பையில் ஒரு மீன்.
6.20 காட்டு விளிம்பு. நிற்கவில்லை.
6.47 மரத்தடி. மீனை வைத்தேன்.
6.48 ரஸ்மா எழும்பியது. காரணம் நான்.
7.31 அண்டங்காக்கைகள் வந்தது மீனுக்கு.
7.33 சின்னவன்.
9.10 எவெரிதா யார் என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது தப்பான பதிவு, குறுக்கே கோடு போடுகிறேன். சரியான பதிவு: நான். ஆல்வில்ஸுக்கு இதில் சம்பந்தம் இல்லை. இடத்தை ரயில் சத்தத்தில் கண்டுபிடித்தேன், யாரும் சொல்லவில்லை.'

கீழே கைகாட்டி என்று போடாமல் முழுப் பெயரையும் போட்டாள். பிறகு இன்ஸ்பெக்டருக்கும் லைம்தோத்ஸுக்கும் அதையே அனுப்பினாள்.

அப்புறம் நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. ஆல்வில்ஸின் உரிமம் திரும்பி வந்தது, பொய் சொன்னதற்கு ஒரு காட்டமான கடிதத்தோடு. மைகாவுக்கு அபராதம். கேமராப் பக்கத்தில் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். லைம்தோத்ஸ் போனில் பேசினார். திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உங்க பதிவுகள மாதிரி வேற யாரும் எழுதினதில்ல," என்றார். "ஆனா இனிமே உங்கள காவலரா வச்சுக்க முடியாது. புரியுதா?"

"புரியுது. உங்க இடத்துல நான் இருந்தாலும் வச்சுக்க மாட்டேன்."

எவெரிதாவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மே போனது, ஜூன் வந்தது. மைகா மற்றவர்களைப் போலச் சும்மா பார்த்தாள். பெரியவன் வளர்ந்தான், கறுத்தான், கூட்டு ஓரத்தில் நின்று இறக்கையை அடித்துப் பார்த்தான். ஆறு மணிக்கு அவள் கை தானாக எழுத எழும்பும். மடியில் வைத்து அழுத்திக்கொள்வாள்.

அவள் பெயர்நாள், நடுக்கோடையில் வரும் யாணிப் பண்டிகைக்கு மறுநாள். ஊரே இரவெல்லாம் தீ மூட்டிப் பாடிக் குடித்துவிட்டுத் தலைவலியோடு கிடக்கும் நாள். போன வருஷங்களில் அக்கம்பக்கத்தார் மிச்ச பீரும் சீமைச் சோம்பு போட்ட சீஸுமாக வருவார்கள், சாயங்கால பஸ்ஸில் எவெரிதா வருவாள். இந்த வருஷம் மேஜை போடுவதா வேண்டாமா என்று மைகா விடியற்காலையிலிருந்து நிலைகொள்ளாமல் நடந்தாள். ஆல்வில்ஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அதற்காகவே மேஜை போட்டாள். பன்றிக்கொழுப்பு வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், நடுவில் குங்குமப்பூ மணக்கும் கிளிங்கெரிஸ் ரொட்டி.

நாலு மணிவரை பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் தலையைக் காட்டிவிட்டுப் போனார். மைகா ஜன்னலுக்குப் போனாள், வந்தாள், தட்டைத் திருப்பி வைத்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

"வரமாட்டா," என்றாள்.

"பஸ்ஸே இன்னும் வரலடி."

பஸ் வந்தது. எவெரிதா இறங்கினாள். வழக்கமாக வேலியருகிலேயே கத்திக்கொண்டு வருபவள் வாயைத் திறக்காமல் நடந்து வந்து வாசலில் நின்றாள். கையில் வயல் பூக்கள். மைகாவின் கண் தானாக எண்ணியது. பத்து. இரட்டைப்படை. திட்டு கேட்க வேண்டியவள்தான், கேட்டுக்கொள்வோம் என்று நின்றாள்.

எவெரிதா பூச்செண்டிலிருந்து ஒரு பூவை உருவினாள்.

"இந்த ஒம்பதும் உனக்கு," என்று நீட்டினாள். பிறகு பையிலிருந்து இன்னொரு பூவை எடுத்து, உருவியதோடு சேர்த்தாள். "இந்த ரெண்டும் சின்னவனுக்கு."

மைகாவால் கையை நீட்ட முடியவில்லை.

"என்னடி பாக்கற? உன் மேல எனக்குக் கோவம்தான். நாளைக்கும் இருக்கும், அடுத்த வருஷமும் இருக்கும். அதுக்காகப் பேர்நாளுக்கு வராம இருந்துருவேனா?"

மைகா இரண்டு ஜாடி எடுத்தாள். ஒன்றை மேஜையில் வைத்தாள். இரண்டு பூ போட்டதை ஏரிப் பக்க ஜன்னலில் வைத்தாள். வைத்தவள் அங்கேயே நின்று, இரண்டு மாதமாக அழாததையெல்லாம் அழுதாள். கிராசிங்கில் சரக்கு ரயில் ஊதியது. மூவரும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்கள். நாற்பது விநாடியில் கம்ப்யூட்டரிலிருந்தும் ஊதியது. கூட்டில் பெரியவன் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

மைகா முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டு எடுக்கப் போனாள், கத்தி எடுக்கப் போனாள், மறுபடி எதற்கோ எழுந்தாள். எவெரிதா அவள் கையைப் பிடித்து நாற்காலியில் இழுத்தாள்.

"நான் வெட்டறேன். நீ ஒரு நிமிஷம் ஒக்காரு."

மைகா உட்கார்ந்தாள்.